நான் அச்சடித்த மயில்

தலையில் நரை கண்ட ஒரு தமிழ் வாத்தியார், மார்கழி விடுமுறையில் ஒரு பகல் முழுவதும் வெட்டிய வெண்டிக்காயை மையில் தோய்த்துக் காகிதத்தில் குத்திக்கொண்டிருந்தார். அந்த வாத்தியார் நான்தான். வேறு யாருக்கோ நடந்ததாக எழுதிப் பார்த்தேன், நம்பும்படி வரவில்லை. நான் அறிந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட வேலைக்கு இறங்கக்கூடிய ஆள் வேறு இல்லை.

நான் செய்துகொண்டிருந்தது ஒரு வாழ்த்து மடல். அனுப்பவேண்டிய இடம் நீர்வேலி. அங்கே வாழைத்தோட்டம் செய்துகொண்டிருந்தார் என் மனைவியின் தமையனார். தாயும் தகப்பனும் போனபிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அவர் ஒருவர்தான். அவர் எங்கள் வாசல் படலையை மிதித்து இரண்டு பொங்கலாகிவிட்டது.

காரணம் ஒரு பந்தி. நாங்கள் புதுவீட்டுக்குக் குடிபுகுந்த அன்று, என் பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் விருந்துக்கு வந்திருந்தார். அவரை இலைக்கு முன்னால் எப்படி இருத்துவது, காலை எந்தப் பக்கம் மடக்கச் சொல்வது என்ற கவலையில் வீடே அல்லோலகல்லோலப்பட்டது. விடியற்காலை தொடக்கம் பந்தல் கட்டி, வாழைக்குலை தூக்கி, வேர்த்து வடிந்துகொண்டிருந்த மைத்துனரை முதல் பந்திக்கு அழைக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. இரண்டாம் பந்தியில் இலை போட்டபோது அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளிலிருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் கட்டிய குலைகள் வாசலில் அப்படியே தொங்கின.

இதனால் நின்றுபோனது எங்கள் மகளின் காதுகுத்து. மாமன் மடியில் இருத்தித்தான் காது குத்துவது. மாமன் இல்லாமல் குத்தினால் ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம். என் மனைவிக்கு அது மனமே ஒப்பாது என்பது மறுபக்கம். தட்டார் வந்து கேட்கும்போதெல்லாம் "அண்ணை வரட்டும்" என்பாள். வீட்டுக்கு முன் ஒழுங்கையில் வண்டிச் சத்தம் கேட்டால் கைவேலையை நிறுத்திவிட்டு, அது எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்வரைக்கும் அப்படியே நிற்பாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பெரிய களைப்பு.

நானும் சும்மா இருக்கவில்லை. சைக்கிளை மிதித்து நீர்வேலிக்குப் போனேன். வீட்டில் கேட்டால் தோட்டத்தில் என்றார்கள், தோட்டத்தில் கேட்டால் வீட்டில் என்றார்கள். இன்னொருநாள் வாழைகளுக்கிடையில் அவருடைய முதுகைக் கண்டு, அந்த முதுகோடு கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு வந்தேன். முதுகு மறுமொழி சொல்லவில்லை. ஆள்விட்டுச் சொல்லிப் பார்த்தோம். போன ஆட்கள் அவர் கொடுத்த கதலிப்பழத்தைத் தின்றுவிட்டு அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் தலைமையாசிரியரின் மேசையில் கிறிஸ்து பிறப்புக்கு வந்த நத்தார் வாழ்த்து மடல்களைக் கண்டேன். சீமையிலிருந்து வந்தவை. மடிப்பை விரித்து நிறுத்தினால் தாமாகவே நின்றன. என்ன நாகரிகம், முகத்துக்கு முகம் பார்க்காமல், முதுகோடு மல்லுக்கட்டாமல், ஒரு காகிதத்தை மடித்து அனுப்பி உறவை நடத்துகிறார்களே என்று நினைத்தேன். வாசிப்பு அதிகமான மனிதனுக்கு வருகிற யோசனை இப்படித்தான் வரும்.

பள்ளிக்கூடத்துச் சித்திரத் தாளில் தடிப்பான ஒன்றை எடுத்து, இரட்டைக் கதவு திறப்பதுபோல இரண்டு பக்கமும் உள்ளே மடித்தேன். மூடி ஒட்டினால் உறை வேண்டாம், மேலேயே விலாசம் எழுதலாம். கதவுகளின் நடுவில் மயில். மைத்துனர் வெள்ளிக்கிழமை தவறாமல் செல்வச்சந்நிதி முருகனிடம் போகிறவர். மயிலைக் கண்டால் இளகுவார் என்பது என் கணக்கு. கதவைத் திறந்தால் உள்ளே பொங்கல் பானை, அதற்குக் கீழே காதுகுத்துக்கு அழைத்து நானே இயற்றிய ஒரு வெண்பா.

அச்சுகளுக்குக் கடைக்குப் போகவில்லை. வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. வாழை மட்டையை வெட்டினால் அறை அறையாகப் பிறை. மயிலை உருளைக்கிழங்கில் செதுக்கினேன். கிழங்கு முடிந்த இடத்தில் தோகையும் முடியவேண்டி வந்தது. அச்சில் இடம் வலமாக மாறும் என்பதை மறந்ததால், விலாசத்தைப் பார்த்து நிற்கவேண்டிய பறவை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. குடும்ப வழக்கம் அதற்கும் பிடிபட்டுவிட்டது போலும்.

மை விஷயத்தில்தான் என் மேதைமை முழுக்க வெளிப்பட்டது. வீட்டில் சிவப்பு மை போத்தல் போத்தலாக இருந்தது. ஆண்டு முழுவதும் பிள்ளைகளின் பிழைகளுக்குக் கீழே அதை இழுத்து இழுத்துக் கண் புளித்துப்போயிருந்தேன். விடுமுறையிலுமா அந்தச் சனியன் என்று, சிரட்டைக்கரியை அரைத்து விளாம்பிசின் கலந்து நல்ல கறுப்பாக ஒரு மை கூட்டினேன். ஆங்கிலப் புத்தகங்களில் கறுப்பும் வெள்ளையுமாக வருகிற படங்களின் எடுப்பே தனி. நாலு ஓரத்திலும் பிறையும் பூவும் மாறி மாறிக் குத்தினேன். மழை ஈரத்தில் காகிதம் காயவில்லை. மை ஊறிப் பூக்கள் ஒன்றோடொன்று கைகோத்து, ஓரம் முழுக்க ஒரே கறுப்பாகிவிட்டது. பின்னேரம் முதுகு நிமிரவில்லை. இன்னொன்று செய்யத் தெம்பும் இல்லை. அதுவும் ஓர் அழகுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "உது என்ன, காகமே?"

"மயில்" என்றேன்.

"ஓ" என்றாள். கிட்டக் குனிந்து பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, நல்ல காரியத்துக்குப் போற கடுதாசி. மூலையளிலை துளி மஞ்சள் தொட்டுவிடுறனே?" என்று கேட்டாள்.

மஞ்சள் பட்டால் கறுப்பு வெள்ளையின் எடுப்பு கெட்டுவிடும் என்பதை அவளுக்கு விளக்கினேன். சற்று நீளமாகவே விளக்கினேன். அவள் பாதியில் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் மடலை ஒட்டி, விலாசம் எழுதி, தபாலில் சேர்த்தேன்.

பொங்கலுக்குச் சில நாட்கள் இருக்கையில், ஒரு மத்தியானம், சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்திருந்தேன். வாசலில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. மைத்துனர் இறங்கினார். அவருக்குப் பின்னால் அவருடைய பெண்சாதி. மைத்துனருக்குச் செருப்பில்லை, சட்டையில்லை, துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். வந்தவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

வெண்பா வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பை எண்ணினால் தனியாக இருக்கும்போதுகூட முகத்தை மூடிக்கொள்வேன்.

"ஆள்விட்டுச் சொல்லியிருக்கலாமே மச்சான்" என்றார். "தபாலிலை போடுற அளவுக்கு நான் அவ்வளவு தூரமாப் போயிட்டனே?"

ஆள்விட்டுப் பார்த்துத்தான் சரிவரவில்லையே என்று நான் சமாதானமாகச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. என்னைத் தாண்டி வீட்டுக்குள்ளே பார்த்தார்.

"எங்கை கிடத்தியிருக்கிறியள்?"

யாரை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கிணற்றடியிலிருந்து பிழிந்த சேலையைத் தோளில் போட்டபடி என் மனைவி வீட்டுக் கோடியால் சுற்றி வந்தாள். மைத்துனரின் பெண்சாதி "ஐயோ" என்று ஒரு சத்தம் போட்டாள். மைத்துனர் முற்றத்துச் சேற்றில் அப்படியே குந்திவிட்டார். மனைவி ஓடிவந்து பக்கத்தில் இருந்ததும், அவளுடைய தலையையும் கன்னத்தையும் கையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், முற்றிவிட்டதா என்று குலையில் ஒவ்வொரு காயாகத் தடவிப் பார்ப்பதுபோல. அவள் "அண்ணை, அண்ணை" என்று கூப்பிட்டபடி இருந்தாள்.

கொஞ்சம் ஆறியபிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாலு பக்கமும் கறுப்பு. ஒரு துளி மஞ்சள் இல்லை. நடுவிலை பிண்டத்துக்கு வந்த காகம். மேலை உம்மடை கையெழுத்து. நீர் உயிரோடை இருக்கிறீர் எண்டால் செத்தது ஆர்?"

"அது மயில்" என்றேன். அந்த நேரத்தில் அது தேவையில்லைதான்.

தபால்காரரே அதை விரல்நுனியால் நீட்டிவிட்டு, துக்க முகத்தோடு மணியடிக்காமல் போனாராம். பெண்சாதி பிரித்துப் படிக்கச் சொன்னாளாம். "தங்கச்சி போனதை வாசிச்சே அறியவேணும்?" என்று இவர், இழவுக் கடுதாசியை வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடாத வழக்கப்படி வாசலிலேயே இரண்டாகக் கிழித்து வேலிக்கு வெளியே எறிந்துவிட்டுக் கார் பிடிக்க ஓடியிருக்கிறார். என் பொங்கல் பானையும் வெண்பாவும் திறக்கப்படாமலே நீர்வேலி ஒழுங்கையில் மழையில் கரைந்தன.

"என்ன எழுதியிருந்தனீர்?" என்று கேட்டார்.

"காதுகுத்துக்கு வரச்சொல்லி."

இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வந்திட்டன்தானே" என்றார்.

இழவுக்கென்று வந்த கால்களென்று மனைவி அவர்களைக் கிணற்றடிக்கு அனுப்பித் தலைமுழுக வைத்தாள். பிறகு அண்ணனுக்கு இலை போட்டாள். அவர் ஒருவருக்கு மட்டும். நானும் மற்றவர்களும் அவர் சாப்பிட்டு எழும்பும்வரை தள்ளி நின்றோம். அவர் அவசரப்படவில்லை, இரண்டு வருடத்து முதல் பந்தியையும் அன்றைக்கே இருந்து முடித்தார்.

தை பிறந்ததும் காதுகுத்து நடந்தது. மகள் மாமன் மடியில் இருந்து அலறியதைவிட மாமன் கண்ணீர் விட்டது அதிகம். வாசலில் குலைகள் தொங்கின. எல்லோரும் போய் வீடு அமர்ந்தபிறகு, சாய்மனைக் கதிரையில் விழுந்து கிடந்தேன். ஊர் முழுக்க அந்தக் காகத்தைச் சொல்லிச் சிரித்தாயிற்று. என்றாலும் சைக்கிளும் ஆட்களும் செய்யாததை என் மடல் செய்துவிட்டதே என்று, இலைகளை அள்ளிக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னேன். ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்துத்தான் சொன்னேன்.

"ஓம், மெய்தான்" என்றாள் அவள், குனிந்தபடியே. "ஆனா அதுக்கு மயிலும் வெண்பாவும் என்னத்துக்கு? ஒரு கரித்துண்டாலை நாலு பக்கமும் இழுத்து விட்டிருந்தாலும் அண்ணை வந்திருப்பார்."