கேட்டில் மாட்ட வேண்டிய போர்டு

ஜிஎஸ்டி நம்பர் எடுப்பதா வேண்டாமா என்று ஒரு வருடம் யோசித்தேன். ஒரு முழு வருடம்! எங்கள் தெருவில் அதற்குள் ஒருவர் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, வீடு கட்டி, பால் காய்ச்சிக் குடியும் வந்துவிட்டார்.

நான் தையல் மிஷின் மெக்கானிக். குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை வீடு. வேலை ராஜபாளையத்திலும் அதைச் சுற்றியும். கடை கிடையாது. பைக்கின் பக்கவாட்டில் தொங்கும் இரும்புப் பெட்டிதான் கடை. தையல் விட்டுவிட்டு விழுகிற மிஷினை ஒரு நிமிடம் ஓடவிட்டால் போதும், சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். 'தொழில் நடைபெறும் இடம்' என்று ஒரு பாரத்தில் கேட்டால் மட்டும் வாயடைத்துப் போய்விடும்.

வம்பை ஆரம்பித்து வைத்தது ராஜபாளையத்து ரெடிமேட் கம்பெனி ஒன்று. நாற்பது மிஷின்கள். என் வருமானத்தில் பாதி அங்கேயிருந்துதான். கணக்குப் பார்க்கிற பெண் ஒருநாள் என் பில்லைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அண்ணே, இனிமே ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில்லுதான் வேணும்னு மொதலாளி சொல்லிட்டாவ. ஆடிட்ல கேக்காவளாம்."

"நம்பர் போட்டா மிஷினு நல்லா ஓடுமாம்மா?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே. ஒரு வருசம் டயம் குடுத்திருக்காவ."

ஆடிட்டரைப் போய்ப் பார்த்தேன். "உங்க வருமானத்துக்குக் கட்டாயம் இல்ல" என்றார். அப்பாடா என்று எழுந்தேன். "ஆனா நீங்களா எடுத்துக்கிடலாம்" என்றார். மறுபடி உட்கார்ந்தேன். எடுத்துவிட்டால் பெரிய கம்பெனி, சின்ன வீடு என்று பார்க்க முடியாதாம், எல்லாருக்கும் பதினெட்டு சதவீதம் சேர்த்துத்தான் பில் போட வேண்டுமாம். வேலையே இல்லாத காலத்துக்கும் கணக்கு ஏற்ற வேண்டுமாம்.

"அப்ப எடுக்க வேண்டாம்ங்கிறீயளா?"

"அது உங்க இஷ்டம்."

என் இஷ்டம் எனக்கே தெரிந்திருந்தால் இவரிடம் ஏன் வந்து இரண்டு மணி நேரம் காத்துக் கிடக்கிறேன்? கோபத்தை மென்று விழுங்கிக்கொண்டு என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். வீட்டின் கரண்ட் பில் வேண்டும், வீட்டுக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும், நம்பர் வந்ததும் வாசலில் போர்டு மாட்ட வேண்டும் என்றார்.

வீட்டுக்காரர் மிலிட்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் இருக்கிறார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே கையைத் தூக்கிவிட்டார்.

"இங்க பாருப்பா. நான் கையெழுத்துப் போட்டா வீட்டு கரண்ட கடை கரண்டா மாத்திப்புடுவான். பொறவு எம்புட்டு பில்லு வரும் தெரியுமா?"

"வீட்டுல ஒரு மிஷினுகூட ஓடாது சார். எல்லாம் வெளிவேலைதான்."

"அத ஈபிக்காரன்கிட்ட சொல்லு. போர்டு வேற மாட்டணும்ங்கிற. இருபது வருசம் பார்டர்ல நின்னு கட்டுன வீடு. என் பேரையே நான் கேட்ல போடல. ஒம்பேரு தொங்கணுமாக்கும்?"

படியிறங்கி வந்துவிட்டேன். ரொம்ப வற்புறுத்தினால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று பயம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரம், இந்த வாடகைக்கு இன்னொரு வீடு கிடைக்காது. "கம்பெனி போனா போட்டும், வீடு போச்சுன்னா எங்க போக?" என்றாள் மனைவி. நான் யோசனை கேட்காத ஆள் இல்லை. மாமனார் எடு என்றார். சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிறவர், எடுத்தால் அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாய் என்றார். அவர் ஜிஎஸ்டி பாரத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

நான் யாருக்கும் பிடிகொடுக்காமல் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். தளவாய்புரத்தில் வீட்டின் முன்னறையில் ஐந்து மிஷின் போட்டு நைட்டி தைக்கிற பெண் ஒருத்தி. பத்து வருடமாக என் வாடிக்கை. அந்தப் பிள்ளை தலையில் பதினெட்டு சதவீதத்தைக் கட்டுவதா? மனசாட்சி என்று ஒன்று இல்லையா? கேட்டவர்களிடமெல்லாம் இதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. வீட்டுக்காரரிடம் மறுபடி போய் நிற்கப் பயம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கம்பெனி கொடுத்த ஒரு வருடத் தவணை முடிந்த அன்று அங்கே போய், நம்பர் எடுக்கப் போவதில்லை என்று சொன்னேன். கெஞ்சுவார்கள், முதலாளி கூப்பிட்டுப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் இருந்து கண்ணைக்கூட எடுக்காமல் "சரிண்ணே" என்றாள். அவ்வளவுதான். மறுவாரமே மதுரையில் இருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அடுத்து தளவாய்புரத்தில் இருந்து போன் வந்தது. போய் ஓவர்லாக் மிஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டே, அவளுக்காக நான் நாற்பது மிஷினை விட்ட கதையை விலாவாரியாகச் சொன்னேன். அவள் துணியை வெட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, நானே நம்பர் எடுத்து நாலு மாசம் ஆச்சே. ஆன்லைன்ல கேரளாவுக்கு சரக்குப் போகுது. நம்பர் இல்லாம வெளி ஸ்டேட்டுக்கு விக்க முடியாதுல்லா. நீங்க பில்லு போட்டா அந்த வரிய நான் கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கிடுவேன். இன்னைக்கு உங்ககிட்ட நம்பர் கேக்கணும்னுதான் இருந்தேன்."

கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றுவிட்டது. போர்டு எங்கே என்றேன். வெளியே கைகாட்டினாள். வாசலிலேதான் தொங்கியது. பத்து வருடமாக வந்து போகிற நான் இந்த நாலு மாதத்தில் ஒரு தடவைகூடத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இதும் வாடகை வீடுதானம்மா. வீட்டுக்காரவிய எப்படி ஒத்துக்கிட்டாவ?"

"மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னாவ. கரண்ட் பில்லு கூடுனா கூடுறத நான் கட்டுதேன்னு எழுதிக் குடுத்தேன். போட்டுட்டாவ." கத்தரியை மறுபடி கையில் எடுத்தவள், "எனக்காவன்னு முடிவெடுத்தீயளே அண்ணாச்சி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே ஒரு தாளில் அதே மாதிரி எழுதி மாடிக்கு எடுத்துப் போனேன். வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இத அன்னைக்கே எழுதிக் குடுத்திருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன்ல? ஒரு வருசமா என்ன செஞ்ச?"

என்ன செய்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்ல? கத்த வேண்டும்போல இருந்தது. கத்துவதென்றால் என்னைப் பார்த்துத்தான் கத்த வேண்டும்.

நம்பர் வந்த அன்று கம்பெனிக்குப் போன் போட்டேன். மதுரைக்காரர்களுக்கு இரண்டு வருடத்துக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்று அந்தப் பெண் சொன்னாள். இந்த முறை "சரிம்மா" என்று சொன்னது நான்.

இப்போது போர்டு கேட்டில் தொங்குகிறது. வீட்டுக்காரர் காலையில் கேட்டைத் துடைக்கும்போது அதையும் துடைக்கிறார். பால்காரரிடம், "கீழ நம்ம தம்பி கம்பெனி வச்சிருக்காப்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். நான் காதில் விழாத மாதிரி பைக்கை எடுக்கிறேன். அந்த நம்பர் போட்ட பில்லை இந்த உலகத்தில் என்னிடம் கேட்பது இன்றைக்கு வரை ஒரே ஒரு ஆள்தான், ஐந்து மிஷின் வைத்திருக்கிற தளவாய்புரத்துப் பெண்.