தையல் கிளாஸ் போன கதை

தொண்ணூறுகளின் பிற்பாதியில், கணவர் இறந்து எட்டு மாதம் கழித்து, எனக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. மாதாமாதம் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். குரோம்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தெரியாமல் போய்வருவதுதான் பெரும்பாடு.

இரண்டாவது முறை போனபோது பெஞ்சில் எங்கள் எதிர்வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். நான் முந்தானையை இழுத்துவிடுவதற்குள் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, நீ எங்க இங்க?"

"மாமாவுக்கு டிபி, மாத்திரை வாங்க வந்தேன். நீங்க?"

"தம்பிக்கு."

உடனே உள்ளிருந்து நர்ஸ் கூப்பிட்டார், அக்காவின் பெயரை. அடுத்து என்னுடையதை. வெளியே வந்ததும் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ரிசல்ட் வந்ததிலிருந்து வீட்டில்கூட என்னை யாரும் தொட்டதில்லை.

அதன்பின் சேர்ந்தே ரயிலேறினோம். தெருவில் கேட்டவர்களிடம், "தையல் கிளாஸ்" என்று அக்கா அடித்துவிட்டார். இரண்டே மாதத்தில் அளவு ஜாக்கெட்டோடு மூன்று துணிகள் வீடு தேடி வந்துவிட்டன. எங்களுக்கோ ஊசியில் நூல் கோக்கக்கூட வராது.

டாக்டரைப் பார்த்த பிறகு எங்களைப் போன்ற எட்டுப் பேர் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் கூடி, கொண்டுபோனதைப் பகிர்ந்து சாப்பிடுவோம். அதில் பல்லாவரத்து டெய்லர் ஒருவர். விஷயம் வெளியே தெரிந்து, ஆட்கள் வராமல் கடையை மூடியவர். அக்கா துணிகளை அவர் மடியில் வைத்தார்.

"அண்ணா, எங்க மானத்தக் காப்பாத்து."

"நான் தச்சதப் போட்டுக்குவாங்களா?"

"துணியில ஒண்ணும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பேஜார் பண்ணாம தை."

ஜாக்கெட்டுகள் கச்சிதமாக வந்தன. தெரு முழுக்க எங்கள் கைராசிதான் பேச்சு! தீபாவளிக்கு வேலை குவிந்தது. அவர் வெட்டித் தைத்துக் கொண்டுவர, நாங்கள் மரத்தடியில் ஹூக் வைத்தோம், ஹெம்மிங் செய்தோம். தப்பாகத் தைத்தால் பிரிக்கச் சொல்வார், சிரித்துக்கொண்டே. மருந்துக்கு வருவதையே விட்டிருந்த ஒருத்தி, பட்டன் காஜா போடுவதற்காகவே திரும்ப வந்து சேர்ந்தாள்.

இரண்டு வருடம் கழித்து டெய்லர் அண்ணா படுத்துவிட்டார். முறைவைத்துக் கஞ்சி கொண்டுபோனோம், துணி மாற்றினோம், வம்பு பேசிச் சிரிக்கவைத்தோம். அவர் போன பிறகு வந்த துணிகளை நானும் அக்காவும் துணிந்து தைத்தோம். பக்கத்து வீட்டுப் பெண் ஒன்றைப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னாக்கா, கிளாஸ்ல கத்துகினதெல்லாம் மறந்துட்டீங்களா?"

அக்கா சிரித்துக்கொண்டே ஜாக்கெட்டை வாங்கினார். கதவைச் சாத்திய பிறகுதான் இருவரும் அழுதோம்.