ஒரு தட்டு பச்சைக் கீரை

நாங்கள் திருப்பதிக்குக் குடிவந்த மூன்றாவது வருடம் நடந்தது இது. சூளூர்பேட்டைப் பக்கம் வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக வந்து இறங்கிய சமயம். நகரியில் இருந்த இரண்டு விசைத்தறியையும் விற்றுவிட்டு என் கணவர் அங்கே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும். மகளுக்குப் பெங்களூரில் வேலை. வீட்டில் நானும் டிவியும்தான். இரண்டே வருடத்தில் பதினோரு கிலோ ஏறிவிட்டேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது.

அந்த நேரத்தில்தான் எங்கள் தெருக்கோடி பள்ளிக்கூட மைதானத்தில் காலை ஐந்தரை மணிக்குக் கூட்டு உடற்பயிற்சி ஆரம்பித்தார்கள். பூட் கேம்ப் என்று போர்டு. நடத்தியவர் கடப்பாக்காரர். குவைத்தில் ஒரு ஜிம்மில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவர் பேசும் தெலுங்கில் பாதி இந்தி, கால்வாசி இங்கிலீஷ். நாங்கள் குப்புற விழுந்து எழுந்து, குதித்து, இனி முடியாது என்று நாக்குத் தள்ளி நிற்கும்போதுதான் 'இன்கொக்கட்டி!' என்பார். இன்னும் ஒன்று என்று அர்த்தம். அந்த இன்னும் ஒன்று எப்போதும் பத்தில் போய்தான் நிற்கும். அவருக்கு நாங்கள் வைத்த பெயரே இன்கொக்கட்டி சார்.

முப்பது பேரில் ஏழெட்டுப் பேர் தமிழ்க்காரர்கள். கடைத்தெருத் தெலுங்கு எல்லோருக்கும் வரும். ஆனால் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. எனக்கோ இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அவர் சொல்வதை நான் உடனுக்குடன் தமிழில் சொல்வேன். அவரும் என்னிடம் தமிழ் கற்றுக்கொண்டார். 'குனி', 'நிமிரு', 'மூச்சு உடு' என்று அவர் கத்தும்போது எல்லோரும் சிரிப்போம். தமிழ் வார்த்தை ஒன்றை அவர் பாதி கடித்துத் துப்பினாலும் அது என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கும் அம்மா ஒருவர் இருந்தார். சொந்த ஊர் நகரிக்கு அந்தப் பக்கம் எல்லையோரக் கிராமம். மைதானத்து கேட்டின் சாவி அவரிடம்தான் இருக்கும். கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே அடுப்பு வேலைக்குப் போய்விடுவார். ஒருநாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கணவருடையதோ மகனுடையதோ, பெரிய ஷூ ஒன்றை மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் வந்து நின்றார். நல்ல கனமான உடம்பு. இரண்டு மாதத்தில் எட்டு கிலோ குறைய வேண்டும், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்களில் யாரும் கேட்கவுமில்லை. சார் பணம் வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டார். அந்தம்மா குதிக்கும்போது ஷூ தனியாக ஒரு முறை குதிக்கும். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

இரண்டாவது வாரம் சார் சாப்பாட்டு விவரத்தை எல்லோர் போனுக்கும் குரல் பதிவாக அனுப்பினார். காலையில் இட்லி, தோசை கிடையாது. வீட்டில் செய்த சாலட் மட்டும்தான். கேரட் ஒன்று, தக்காளி ஒன்று, முளைகட்டிய பயறு ஒரு பிடி, எலுமிச்சைச் சாறு. முக்கியமாக, 'பச்சி கீரா, ஒக்க பெத்த ப்ளேட்டு'. பெரிய தட்டு நிறைய.

பச்சி என்றால் பச்சையாக, வேகவைக்காமல். கீரா? சார் நமக்காகத் தமிழில் சொல்கிறார், கீரையைத்தான் கீரா என்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றுகூடச் சொல்ல முடியாது. யோசிக்கவே இல்லை. அந்தம்மாவிடம் இருந்தது பட்டன் போன். குரல் பதிவெல்லாம் அதில் வராது. ஒரு முழுத்தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பச்சைக் கீரை, ஒரு பெரிய தட்டு, தினமும். அடியில் கோடு வேறு போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தம்மா சமையற்கூட வாசலில் என்னை நிறுத்தினார்.

"மேடம், கீரைய பச்சையாவா துன்றது? நான் தெனம் எரநூறு பசங்களுக்கு ஆக்கறேன், பச்சையா யாரும் துன்னு நான் பாத்ததில்ல. ஒரு கொதி உட்டுட்டு துன்னா ஆவாதா?"

எனக்குப் பால்காரர் வரும் நேரம். "சார் குவைத்துல வெள்ளக்காரங்களுக்கே சொல்லிக் கொடுத்தவரு. சொன்னா சொன்னபடி செய்யேன், எதுக்கு நொய்நொய்னு கேட்டுக்கினு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவரை அன்று நான் 'நீ' என்றுதான் பேசினேன்.

இதில் வெட்கக்கேடான விஷயம் ஒன்று இருக்கிறது. நானும் இரண்டு நாள் பச்சைக் கீரை சாப்பிட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் வயிறு உப்பிக்கொண்டது. யாருக்கும் சொல்லாமல் கீரையை விட்டுவிட்டு வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டுக்கொண்டேன். தட்டைப் படம் பிடித்து குரூப்பில் போட வேண்டும் என்பது சாருடைய விதி. என் வெள்ளரிக்காய்த் தட்டுக்கு அவர் கட்டைவிரல் தூக்கிக் காட்டினார். திருட்டு மாட்டவில்லை என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மற்ற தமிழ்ப் பெண்கள் என் படத்தையே வாங்கிப் போட்டுவிட்டு வீட்டில் பொங்கலும் வடையும் சாப்பிட்டார்கள். ஆக, எழுதியதை எழுதியபடி செய்தது ஒரே ஒருவர். அவர் தட்டைப் படம் பிடிக்கப் போன் இல்லை.

ஒன்பது வாரத்தில் அந்தம்மா ஒன்பது கிலோ குறைந்தார். எனக்கு மூன்று. சார் அவரை முன்வரிசைக்குக் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னார். அந்தம்மா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு நின்றார்.

அதற்கடுத்த வாரம் அவர் வரவில்லை. வாட்ச்மேன் வந்து கேட்டைத் திறந்தார். நாலாம் நாள் பயிற்சி முடிந்ததும் சமையற்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்தம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் எழுதிக் கொடுத்த தாள் சுவரில் சோற்றுப்பருக்கை தடவி ஒட்டியிருந்தது.

அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. அவருடைய தம்பி நகரியில் தறி ஓட்டுகிறவர். இரண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். அக்காவின் கிட்னி பொருந்துகிறது. ஆனால் இந்தக் கனத்தோடு ஆபரேஷன் செய்ய முடியாது, எட்டு கிலோ குறைத்துக்கொண்டு வா என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் அந்த ஷூ. அதற்குத்தான் அந்தக் குதிப்பு.

"வெயிட்டு கொறஞ்சிடுச்சி மேடம். ஆனா டெஸ்ட்ல ஒண்ணுக்குல உப்பு மணலு மாதிரி எறங்குதாம். கல்லு கட்ற ஒடம்பா இருந்தா கிட்னி எடுக்க மாட்டாங்களாம். எங்கம்மா வவுத்துல பொறந்ததுலேர்ந்து எனக்கு இது இருந்ததில்ல, எங்கிருந்து வந்துதுன்னு தெரியல." கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டார். "என்னென்ன துன்றன்னு எழுதிக்கினு வியாழக்கெழம வரச் சொல்லிக்கிறாங்க. ஆஸ்பத்திரி தெலுங்கு எனக்குப் புரியாது. நீங்க கூட வந்து சொல்றீங்களா?"

வருகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து சாருக்குப் போன் செய்தேன். டாக்டரிடம் சரியாகச் சொல்ல வேண்டுமே, அந்தக் கீரை எத்தனை கிராம் என்று கேட்டேன். எந்தக் கீரை என்றார் அவர். நீங்கள் சொன்ன பச்சைக் கீரைதான் என்றேன்.

"கீரை காது மேடம், கீரா! கீர தோசகாய! ஆக்குகூர பச்சிகா தினமனி நேனெப்புடு செப்பேனு?"

கீரை இல்லை, கீரா என்கிறார். கீர தோசகாய என்றால் வெள்ளரிக்காய். எங்கள் வீட்டில் வெறும் தோசகாய என்றுதான் தெலுங்கில் சொல்லிப் பழக்கம். ஆக்குகூர என்றால்தான் கீரை. அதைப் பச்சையாகத் தின்னச் சொல்லி நான் எப்போது சொன்னேன் என்று கேட்கிறார் மனிதர். நான் போனோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் திருட்டுத்தனமாகத் தின்றதுதான் சரியான சாப்பாடு. நான் அதட்டித் தின்னவைத்ததுதான் தப்பு.

வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கீரையால் இருக்காது, வேறு ஏதாவதாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியூர்க்காரர்களெல்லாம் எந்த மலைக்கு வந்து வேண்டிக்கொள்வார்களோ அதன் அடிவாரத்திலேயே இருந்துகொண்டு, டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார். அந்தம்மா மடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். சுவரிலிருந்து பிய்த்ததில் ஒரு மூலை கிழிந்திருந்தது. டாக்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தாள் என் கைக்கு வந்தது. படியுங்கள், தெலுங்கில் சொல்லுங்கள் என்றார்.

கேரட் படித்தேன். தக்காளி படித்தேன். அடுத்த வரி அடிக்கோடு போட்ட வரி. அந்த இடத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. 'கீரை' என்று எழுதியிருப்பதை நான் கொஞ்சம் இழுத்து 'கீரா' என்று படித்தால் போதும். டாக்டர் காதில் வெள்ளரிக்காய் என்றுதான் விழும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தம்மா காதில் கீரை என்றுதான் விழும். யாருக்கும் எதுவும் தெரியாது. நான் தப்பித்துக்கொள்வேன். ஆனால் சாப்பாட்டில் குறை இல்லை, உடம்பின் வாகே அப்படி என்று டாக்டர் எழுதிவிடுவார். தம்பிக்கு அக்காவின் கிட்னி கிடைக்காது.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "பச்சி ஆக்குகூர" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். தினமும், ஒரு பெரிய தட்டு, இரண்டு மாதமாக.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். நடந்ததைத் தெலுங்கில் டாக்டருக்குச் சொன்னேன். பிறகு தமிழில் அந்தம்மாவுக்குச் சொன்னேன். ஒரே தப்பை அடுத்தடுத்து இரண்டு மொழியில் சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டர் என்னைத் திட்டிய திட்டை எழுதப்போவதில்லை. கடைசியில், வேகவைக்காத கீரையில் இருக்கும் ஒருவகை உப்பு சிறுநீரில் இப்படி இறங்கும், ஆனால் கீரைதான் காரணமா, உடம்பு வாகா என்று இப்போது சொல்ல முடியாது, கீரையை நிறுத்துங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துதான் சொல்ல முடியும் என்றார்.

பஸ் ஸ்டாப்பில் அந்தம்மா பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். என்னை ஓங்கி ஒரு அறை அறைந்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கிய பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வெள்ளரிக்காயா மேடம்?"

ஆமாம் என்றேன்.

"வெள்ளரிக்காய்னா எனக்கு உசுரு மேடம். அறுவது நாளு மூக்கப் புடிச்சிக்கினு மாடு மாதிரி அந்தக் கீரையத் துன்னேனே."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "அழாதீங்க, அல்லாரும் பாக்கறாங்க" என்று அந்தம்மாதான் என்னை அடக்கினார்.

அந்த மூன்று மாதமும் தம்பியின் டயாலிசிஸ் நாட்களில் முடிந்தபோதெல்லாம் நானும் ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்து என்ன செய்ய? ஒன்றும் செய்ய முடியாது. அக்கா வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நர்ஸ் சொல்வதைத் தம்பிக்குத் தமிழில் சொல்வேன். ஒல்லியான மனிதர். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர்தான் என்று அளந்து குடிப்பவர். கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்திருந்தது. முதல் நாளே என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்கதானா அந்தக் கீர மேடம்? எங்கக்கா சொல்லிச்சி." சிரித்த முகத்தோடுதான் நர்ஸின் ஊசிக்குக் கையை நீட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் உப்பு இல்லை. சுத்தமாக இருந்தது. இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சரி என்றார். அந்தக் கோடையில் ஆபரேஷன் நடந்தது. இன்றைக்கும் தம்பி நகரியில் தறிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

ஆபரேஷன் முடிந்து ஆறேழு மாதம் கழித்து ஒரு காலை, நாங்கள் மைதானத்தில் நாக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தபோது, அந்த அக்கா, இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறேன், சமையற்கூடத்திலிருந்து ஒரு பெரிய தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். தாம்பாளம் நிறைய வெள்ளரிக்காய். எலுமிச்சை பிழிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவியிருந்தது. நேராக என் முன்னால் வந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"மேடம், இத பச்சையா துன்னலாமா? சாரக் கேட்டு சொல்லுங்க."

சார் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுந்து போய், நிஜமாகவே சாரைக் கேட்டுவிட்டு வந்துதான் சொன்னேன்.

இப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும், பதில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தால்கூட, "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்கிறேன். அந்த மூன்று வார்த்தையை அன்றைக்குச் சமையற்கூட வாசலில் நின்று சொல்ல எனக்கு நேரமில்லாமல் போனதற்காக, அன்று எனக்கு முகம்கூடத் தெரியாத ஒரு மனிதர் மூன்று மாதம் கூடுதலாக ஊசிக்குக் கை நீட்டினார்.