ஆறு இல்லாத செல்லிப்பட்டு

எனக்குப் பொறுமை குறைவு. அதிலும் யாராவது என்னைச் சந்தேகமாகப் பார்த்தால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். செல்லிப்பட்டில் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

அப்போது புதுச்சேரியில் போட்டோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுத் துரை ஒருவர் கூப்பிட்டனுப்பி, சாவி கொடுத்து ஓட்டும் சினிமா காமிரா ஒன்றைக் கையில் தந்தார். ஊர்க்காரர்களுக்கே படம் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், தங்கள் விவசாயத்தை அவர்களே எடுக்க வேண்டும், கண்காட்சியில் காட்டுவார்களாம். நானும் மாட்டுவண்டியில் போய் இறங்கினேன். காமிராவை நிறுத்தும் முக்காலியை வண்டியிலிருந்து எடுத்ததுதான் தாமதம், கூடியிருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

மறுநாள் எல்லாம் தலைகீழ். கற்றுக்கொள்ள நான், நீ என்று முன்வந்தார்கள். அதுதான் எனக்கு உறுத்தியது. நேற்று ஒதுங்கியவர்களுக்கு இன்று என்ன இவ்வளவு ஆசை? காமிராவைக் கிளப்பிக்கொண்டு போகப் பார்க்கிறார்களோ என்று அதைத் தலைமாட்டிலேயே வைத்துப் படுத்தேன்.

வெளிச்சம் போதாவிட்டால் படம் விழாது என்பது முதல் பாடம். கரும்பு பயிரிடும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். ஏற்றம் இறைப்பது, நெல் அறுப்பு, கோயில் வாசல் எல்லாவற்றையும் எடுத்தார். ஆற்றுப் பக்கம் மட்டும் காமிரா போகவே இல்லை. நான் திருப்பினால் முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க என் கரும்பு நிக்குது தம்பி. கண்ணாடி வழியா பாத்தா கண்ணு பட்டுடும்."

"வெளைஞ்ச நெல்லைப் பாத்தா மட்டும் படாதா அண்ணே?"

அவர் முக்காலியை விடவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னைப் பைத்தியக்காரன்னு நெனைச்சீங்களா?" என்று கத்திவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். படுகையில் ஆள் உயரத்துக்குக் கரும்பு நின்றது. இடம் சர்க்கார் புறம்போக்கு.

"எனுக்கு இருக்கறது இது ஒண்ணுதான். போன தபா இதே மாரி முக்காலி வெச்சி, கண்ணாடில பாத்து அளந்தானுங்க. எங்க அண்ணன் பயிர் வெச்ச எடம் பூடுச்சி. நீ இன்னாத்துக்கு வந்திருக்கியோ, யாருக்குத் தெரியும்?"

அது நிலம் அளக்கிற கருவி, இது வெறும் படம் பிடிப்பது என்று விளக்கினேன். தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. கற்றுக்கொள்கிற சாக்கில் ஊரே காமிராவைச் சுற்றி நின்றது, அது ஆற்றுப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

வில்லியனூர்ப் பள்ளிக்கூடத்தில் ஜன்னல்களைச் சாக்கால் மூடிப் படத்தைப் போட்டுக் காட்டினோம். துரையும் வந்திருந்தார். முடிந்ததும், செல்லிப்பட்டு ஆற்றங்கரை ஊர்தானே, ஆறு எங்கே என்று கேட்டார்.

கரும்புக்காரர் எழுந்தார். "வெளிச்சம் பத்தல தொரை."

பகலில் மணல் கண்ணைக் கூசவைக்கும் ஆறு அது. துரை என் பக்கம் திரும்பினார். கரும்புக்காரரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"ஆமாம் துரை. அங்கே வெளிச்சம் போதாது" என்றேன். துரை தலையசைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

வெளியே வந்ததும் கரும்புக்காரர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். நல்லதாக நாலு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

"எனுக்காவ ஏன் பொய் சொன்ன? உனுக்கு இன்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம் அண்ணே."

"ஒண்ணும் வேணாம்னா யாராச்சும் பொய் சொல்லுவாங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரமே, காமிரா, முக்காலி எதுவும் இல்லாமல் செல்லிப்பட்டுக்குப் போனேன். யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் செய்துகொடுக்க நினைத்தேன். படுகையில் கரும்பு நிற்கவில்லை. பருவம் வருவதற்கு முன்பே முழுவதையும் வெட்டிச் சாய்த்திருந்தார். என்னைக் கண்டதும் ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

"துன்னு பாரு. இனிப்பு ஏறல. இப்ப போயி தொரைகிட்ட சொல்லிக்க."