ஹனோவரிலிருந்து வரும் சித்தப்பா

சொந்தங்களைத் தேடித்தரும் இணையத்தளம் ஒன்றில் சந்தா கட்டி, இறந்துபோன அப்பாவின் பெயரையும் ஊரையும் பதிந்து வைத்திருந்தேன். அப்பா தன் ஆட்களைப் பற்றிக் கடைசிவரை வாய் திறந்ததில்லை.

இன்று ஹனோவரிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். அவளுடைய பெரியப்பா கொழும்புக்குப் போய்க் காணாமல் போனவராம். அதே பெயர், அதே ஊர். தளம் எங்களை ஒரே குடும்பமாகச் சேர்த்திருந்தது.

எடுத்த எடுப்பிலேயே "அண்ணை" என்றாள். ஜேர்மனியில், எசன் நகரில் தனியாக இருக்கும் என்னை அப்படிக் கூப்பிட யாரும் இல்லை.

"பெரியப்பா சின்னனில கிணத்துக்கட்டில விழுந்தவராம். நெத்தியில பெரிய தழும்பு. உங்கட அப்பாவுக்கும் இருந்ததுதானே?"

கடைசியாக அப்பாவின் முகத்தைக் கழுவியவன் நான். அந்த நெற்றியில் ஒரு கீறலும் இல்லை.

"இல்லை, தங்கச்சி."

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "என்ர அப்பா பக்கத்தில போனைத் தா எண்டு கையை நீட்டிக்கொண்டு நிக்கிறார். என்னால சொல்ல ஏலாது அண்ணை."

"குடுங்கோ" என்றேன். நானே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணையின்ர குரல் அப்பிடியே இருக்கு, மகன்" என்று கிழவர் விம்மினார்.

"ஓம் சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த கிழமை அவர் எசனுக்கு வருகிறாராம். சுவரிலிருக்கும் அப்பாவின் படத்தை எங்கே ஒளிப்பது? யோசனை இருந்தால் எழுதுங்கள்.