இருபத்திரண்டு வளைவும் ஒரு ஜீப்பும்

போன வருஷம் ஐப்பசி, துலா மழைக் காலம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு விறகு எடுக்கப் போன என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஸ்டெல்லா, பாம்பு கடிச்சிடுச்சு. வாலை மட்டும்தான் கண்டேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. பொன்முடி மலை ரோட்டில் கடைசி, இருபத்திரண்டாவது கொண்டை ஊசி வளைவுக்கும் மேலே எங்கள் எஸ்டேட் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். முதல் பஸ் வர இன்னும் நேரம் கிடந்தது. லயத்தில் இருந்த ஒரே ஜீப் பக்கத்து வீட்டு சசியண்ணனுடையது. என் முட்டைக்கோழியை அந்த ஜீப்பை ஏற்றிக் கொன்ற நாளிலிருந்து, எட்டு மாதமாக நான் அவருக்கு முகம் கொடுத்ததில்லை. ஓடிப்போய் அவர் கதவைத் தட்டினேன். அவர் உடனே வண்டியை எடுத்தார். "கையை அனக்காம, அசைக்காம வெச்சிருங்க," என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஒரு நன்றி சொல்வார், மற்றவர்கள் "ஸ்தோத்திரம்" என்பார்கள். அந்தச் சுற்று முடியாமல் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. என் ஜெபம் எஸ்டேட் ஆபீசில் கொடுக்கிற புகார் மனு மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர்தான் எல்லோரையும்விட உரக்க ஸ்தோத்திரம் சொல்வார்.

ஜீப்பில் நான், "ஏன் ஆண்டவரே, ஏன்?" என்று கதறினேன்.

"கரையாத. நன்றி சொல்லு. நான் ஸ்தோத்திரம் சொல்றேன்," என்றார் அவர்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் சொன்னேன். வளைவுக்கு ஒன்று. இருபத்திரண்டில், ஜீப் கிடைத்ததற்காக. இருபத்தொன்றில், ரோட்டில் மரம் விழாததற்காக. "ஸ்தோத்திரம்," என்றார். பதினைந்து வரை குரல் கணீரென்றிருந்தது. பதின்மூன்றில் "தோத்ரம்" என்று குழறியது. பன்னிரண்டில் "ம்" மட்டும். களைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

பதினொன்றில் சசியண்ணன் வண்டியை நிறுத்திவிட்டார்.

"எதுக்கு நிறுத்துறீங்க? போங்க!" என்று கத்தினேன்.

"அக்கா, இங்க விட்டா அடிவாரத்துல கல்லாறு வரைக்கும் போன் ரேஞ்ச் இல்ல. அண்ணனுக்கு நாக்கு குழையுது, கேட்டீங்களா? அடுத்து மூச்சுதான் நிக்கும். டவுன் வரைக்கும் ஜீப்பில போனா தாங்காது." ஆக்சிஜனோடு ஆம்புலன்ஸ் கல்லாற்றுக்கு வரவேண்டும் என்று போனில் சொல்லிவிட்டு, மறுபடி வண்டியை இறக்கினார்.

பத்தில் பதில் இல்லை. ஒன்பதில் இமைகள் மூடிவிட்டன. சொல்ல என்னிடம் நன்றியும் மிச்சமில்லை. எட்டில் சொன்னேன்: "ஆண்டவரே, இந்த சசியண்ணனுக்காக நன்றி."

முன் சீட்டிலிருந்து "ஸ்தோத்திரம்" என்று கேட்டது. எந்த ஜெபவீட்டுக்கும் வராத மனுஷன் அவர். மிச்சம் ஏழு வளைவுக்கும் அவர்தான் பதில் சொன்னார்.

கல்லாற்றுக் கடைகளுக்கு முன்னால் ஆம்புலன்ஸ் நின்றது. ஏற்றும்போதே என் வீட்டுக்காரருக்கு மூச்சு நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஆக்சிஜன் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்து டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "ஜீப்பிலயே கொண்டு வந்திருந்தா ஆளு உயிரோட கிட்டியிருக்காது," என்றார் டாக்டர். அந்த ஸ்தோத்திரம் இல்லாவிட்டால் குரல் குழறியது யாருக்குத் தெரிந்திருக்கும்? கேட்கும் முன்பே ஆண்டவர் பதிலை அதற்குள் வைத்திருந்தார். நான்தான் அதை வெறும் சடங்கென்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். நான் குனிந்து, "ஆண்டவரே, இவருக்குத் தந்த மூச்சுக்காக நன்றி," என்றேன். அவருக்குச் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் இப்போது என்ன நடக்கிறதோ எனக்குத் தெரியாது. கேட்க வேண்டியதைக் கேளுங்கள், அழுங்கள். ஆனால் முதலில் ஒரு நன்றியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முகம் கொடுத்துப் பேசாத ஒருவர் இருந்தால், அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது நமக்குத்தான் கஷ்டமாக இருக்கும், ஆண்டவருக்கு அல்ல.