ஷூவுக்குள் இல்லாத கல்

இடது ஷூவைக் கழற்றிக் கவிழ்த்து, ஆர்கன் பெஞ்சின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள் கேஸ்கே. எதுவும் விழவில்லை. உள்ளே விரலை விட்டுத் துழாவினாள். "இருக்கு, எங்கேயோ ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று முனகிவிட்டு மாட்டிக்கொண்டாள். பதினோரு மாதமாக இந்தக் கல்லைத் தேடுகிறாள்.

க்ரோனிங்கன் நகருக்கு வடக்கே உள்ள அந்தத் தேவாலயத்தில் முப்பத்திரண்டு வருடமாக ஆர்கன் வாசிப்பது அவள்தான். வாரநாட்களில் ரொட்டிக்கடை. ஞாயிறன்று குறுகலான கறுப்பு ஷூ. அகலமாக இருந்தால், ஆர்கனுக்கு அடியில் காலால் வாசிக்கும் கட்டைகளில் ஒரே மிதியில் இரண்டு அழுந்திவிடும். சபையார் பாடும் சங்கீதப் பாட்டின் கடைசிச் சுரத்தை இடது காலால்தான் பிடித்து நிறுத்த வேண்டும். இப்போதெல்லாம் அந்த நேரம் பார்த்து மூன்றாம் நான்காம் விரல்களுக்கு நடுவே நெருப்பு பாய்கிறது. காலை எடுத்துவிடுகிறாள்.

சபையின் மூப்பர் ஹார்ம் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். "நாங்க இன்னும் பாடிக்கிட்டு இருக்கோம், நீ பாதியிலேயே கடையைச் சாத்திடறியே?"

"உன் குரலைக் கேட்டா ஆர்கனே பயந்து நின்னுடுது, ஹார்ம்."

அவர் சிரித்தார். பிறகு தொப்பியைப் பார்த்தபடி, "பக்கத்து ஊர்ல ஒருத்தர் நல்லா வாசிக்கிறாராம். ஈஸ்டர் வரைக்கும் பார்ப்போம்னு பேசிக்கிறாங்க" என்றார்.

மறுநாளே பாத வைத்தியம் பார்க்கும் ஃபெம்மியிடம் போனாள். ஃபெம்மி பாதத்தை இருபுறமும் சேர்த்து அழுத்தினாள். உள்ளே 'டக்'கென்றது. கேஸ்கே நாற்காலியைவிட்டு எழும்பிவிட்டாள்.

"கல்லு இல்லம்மா, நரம்பு. ரெண்டு எலும்புக்கு நடுவுல நசுங்கி நசுங்கித் தடிச்சுப்போச்சு. இந்த ஷூவை விடுங்க."

"விட்டா ஆர்கனையும் விடணும்."

"சாக்ஸோட வாசிங்க."

ஃபெம்மி உள்ளங்காலில் ஒட்டிவிட்ட சின்ன மெத்தை இரண்டாம் நாள் உரிந்தது. கேஸ்கே அதை வலிக்கிற இடத்திலேயே பார்த்து ஒட்டிக்கொண்டு, ஒரு வாரம் நொண்டினாள்.

"வலிக்கு அடியில வைக்காதீங்க. கொஞ்சம் பின்னாடி, குதிகால் பக்கமா. அப்பத்தான் எலும்பு விரியும், நரம்புக்கு இடம் கிடைக்கும்" என்று ஃபெம்மி இடம் மாற்றி ஒட்டிவிட்டாள்.

வலி முழுக்கப் போகவில்லை, வாராவாரம் தணிந்தது.

ஈஸ்டர் ஞாயிறு. கம்பளிச் சாக்ஸில் வாசித்தாள். கடைசிச் சங்கீதம். சபை பாடி முடித்து மூச்சுவிட்டது. ஆர்கன் நிற்கவில்லை. ஹார்ம் ஆர்கன் இருக்கும் மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். கேஸ்கே இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள். இடது கால் மட்டும் அசையவில்லை. அந்த அடிச்சுரத்தில் பெஞ்சுகள் அதிர்ந்துகொண்டிருக்க, பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து, காகிதத்தை நிதானமாகப் பிரித்து, வாயில் போட்டுக்கொண்டாள்.